ஆபரேஷன் முடிந்த நாய்க்கு மார்ஃபின் கிடைக்குமா? கால்நடை மருத்துவத்தில் 'ஓபியாய்டு' வலி நிவாரணிகள்: முழு விளக்கம்

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் டூவீலர் ஏறி கால் உடைந்த ஒரு தெருநாய். உறையூரில் கருப்பை நீக்க ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும் பூனை. மணப்பாறைப் பக்கம் வயிற்றில் பிளாஸ்டிக் அடைத்து, அறுவை சிகிச்சைக்காக நிற்கும் பசு. மூன்றும் திருச்சி சுற்றுவட்டாரத்தில் சர்வ சாதாரணமாக நடப்பவைதான்.

இதே கால் முறிவு மனிதருக்கு என்றால், தேவைப்பட்டால் டாக்டர் ஃபென்டனிலோ மார்ஃபினோ கொடுப்பார். வலியின் உச்சத்தை அடக்க மருத்துவ உலகம் இன்றும் நம்பியிருப்பது இந்த 'ஓபியாய்டு' குடும்பத்தைத்தான். அந்த மருந்து நாய்க்கும் வேலை செய்யும். பூனைக்கும் வேலை செய்யும். ஆனால் பெரும்பாலான கால்நடை மருத்துவமனைகளின் மருந்து அலமாரியில் அது இருக்காது.

ஏன் இல்லை? சட்டம் தடுக்கிறதா? ஆபத்தான மருந்தா? அது இல்லாமல் விலங்குகளின் வலியை எப்படிச் சமாளிக்கிறார்கள்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், ஓபியாய்டு என்றால் என்ன?

நம் வீட்டு குருமாவில் அரைத்து ஊற்றும் கசகசா எந்தச் செடியின் விதையோ, அதே செடியின் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். அந்த அபினிலிருந்து 1800-களின் தொடக்கத்தில் ஜெர்மனியைச் சேர்ந்த செர்டுர்னர் என்ற மருந்தாளுநர் பிரித்தெடுத்ததுதான் மார்ஃபின். கிரேக்கக் கனவுக் கடவுளான மார்ஃபியஸின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். (கசகசா விதையில் இந்தப் பொருள் மிக மிக நுண்ணிய அளவில்தான் இருக்கும். குருமா சாப்பிட பயப்பட வேண்டாம்!)

மார்ஃபின், கோடீன் போன்றவை செடியிலிருந்து வருபவை. ஃபென்டனில், டிரமடால், மெத்தடோன் போன்றவை ஆய்வகத்தில் தயாரிக்கப்படுபவை. பியூப்ரினார்ஃபின் இரண்டுக்கும் நடுவில், பாதி செடி, பாதி ஆய்வகம். எல்லாம் சேர்ந்ததுதான் ஓபியாய்டு குடும்பம்.

இவை வேலை செய்வது எப்படி? மூளையிலும் தண்டுவடத்திலும் இதற்கென்றே 'பூட்டுகள்' இருக்கின்றன. ஓபியாய்டு ஏற்பிகள் என்று பெயர். 1973-ல் விஞ்ஞானிகள் அவற்றை உறுதி செய்தார்கள். மருந்து சாவி மாதிரி அந்தப் பூட்டில் போய் உட்காரும்போது, காயத்திலிருந்து மூளைக்குப் போகும் வலிச் செய்தி வழியிலேயே அமுக்கப்படுகிறது. காயம் ஆறுவதில்லை. ஆனால் வலி குறைகிறது.

இதே பூட்டுகள் மனிதருக்கு மட்டும் இருப்பவை அல்ல. நாய், பூனை, மாடு, யானை, கிளி என முதுகெலும்புள்ள எல்லா உயிர்களிடமும் இருக்கின்றன.

விலங்குக்கும் நம்மைப் போலவே வலிக்குமா?

வலிக்கும். காட்டிக்கொள்ளும் விதம்தான் வேறு. காட்டில் வலியைக் காட்டும் விலங்கு, வேட்டையாடும் விலங்குக்கு முதல் இரை. அதனால் மறைப்பது அவற்றின் இயல்பு. குறிப்பாகப் பூனையும் மாடும் இதில் கில்லாடிகள்.

"கொஞ்சம் வலி இருந்தால்தான் அது அசையாமல் கிடக்கும், தையல் பிரியாது" என்று ஒரு பழைய வாதம் உண்டு. கால்நடை மருத்துவம் இதை எப்போதோ கைவிட்டுவிட்டது. வலியை அடக்காமல் விட்டால் விலங்கு சாப்பிடாது, தூங்காது, புண்ணை நக்கிக்கொண்டே இருக்கும். புண் ஆறுவது தள்ளிப்போகும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தொடர்ந்து வலிச் செய்தி போய்க்கொண்டே இருந்தால் தண்டுவடத்தின் நரம்புகளே அதிக உணர்ச்சி நிலைக்குப் போய்விடும். பிறகு லேசாகத் தொட்டாலே வலிக்கும். அதனால்தான் கத்தி வைப்பதற்கு முன்பே வலி மருந்து கொடுக்க வேண்டும் என்கிறார்கள். வலி வந்த பிறகு துரத்துவதைவிட, வருமுன் தடுப்பது சுலபம்.

உலக சிறுபிராணி கால்நடை மருத்துவர்கள் சங்கம் 2014-ல் வலி மேலாண்மைக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 2022-ல் அதைப் புதுப்பித்தது. ஓபியாய்டு கிடைக்காத நாடுகளில் என்ன செய்யலாம் என்றும் அது பேசுகிறது. இது திருச்சி மாதிரி ஊருக்கு நேரடியாகப் பொருந்தும் விஷயம்.

ஒரே மருந்து, ஒவ்வொரு விலங்குக்கும் வேறு வேலை

பூட்டு ஒன்றுதான் என்றால் மனித மருந்தை எடை பார்த்துக் குறைத்துக் கொடுத்துவிடலாமே? அங்கேதான் ட்விஸ்ட்.

நாய்: மார்ஃபின் கொடுத்தால் கண்மணி சுருங்கும், அசதியாகப் படுத்துவிடும். ஆபரேஷனுக்கு முன் கொடுத்தால் பல நாய்கள் வாந்தி எடுக்கும். ஆனால் வலி நன்றாக அடங்கும்.

பூனை: நேர் எதிர். கண்மணி விரியும். அளவு அதிகமானால் தூங்குவதற்குப் பதிலாகப் படபடப்பாகிவிடும். இதை வைத்தே 'பூனைக்கு ஓபியாய்டு ஆகாது' என்று ரொம்ப காலம் நம்பினார்கள். சரியான அளவில் கொடுத்தால் பூனைக்கும் பாதுகாப்பானதே என்பது பிறகுதான் தெளிவானது. பியூப்ரினார்ஃபின் பூனைகளுக்கு நன்றாக ஒத்துப்போகிறது. ஊசியே வேண்டாம், ஈறில் சில சொட்டு விட்டால் வாயின் உள்தோல் வழியாகவே ரத்தத்தில் கலந்துவிடும். பூனைகளுக்கென்றே தயாரான பியூப்ரினார்ஃபின் மருந்துக்கு அமெரிக்கா 2014-ல் அனுமதி கொடுத்தது. தோலில் தடவும் வடிவம் 2022-ல் வந்தது.

குதிரை: பதற்றமாகி நடந்துகொண்டே இருக்கும். குடல் அசைவு குறையும். குதிரைக்கு வயிற்று அடைப்பு உயிருக்கே ஆபத்து என்பதால் மருத்துவர்கள் ரொம்ப யோசித்துத்தான் கொடுப்பார்கள்.

மாடு, ஆடு: பலன் குறைவு. வயிற்று அசைவு மந்தமாகும். பாலிலும் இறைச்சியிலும் மருந்து எச்சம் தங்குமா என்ற கேள்வி வேறு. அதனால் கால்நடைகளுக்கு வேறு வழி (அதைக் கீழே பார்க்கலாம்).

டிரமடால் கதை இன்னும் சுவாரசியமானது. இந்திய கால்நடை மருத்துவமனைகளில் நாய்களுக்கு அதிகம் எழுதித் தரப்பட்ட மருந்துகளில் இதுவும் ஒன்று. டிரமடால் நேரடியாகப் பெரிய ஓபியாய்டு அல்ல. மனிதக் கல்லீரல் அதை உடைத்து வேறொரு பொருளாக மாற்றும், அதுதான் வலியை அடக்கும். நாயின் உடலில் அந்த மாற்றம் மிகக் குறைவாகவே நடக்கிறது. மூட்டுத் தேய்மானம் உள்ள நாய்களிடம் செய்து 2018-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 10 நாள் டிரமடால் கொடுத்தும் வெறும் மாத்திரை கொடுத்ததற்கும் அதற்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மாத்திரை கொடுத்தோம் என்ற திருப்தி நமக்கு. வலி அதற்கு.

பூனையின் உடலோ அந்தப் பொருளை நன்றாகவே உருவாக்கும். ஆனால் மருந்து பயங்கரக் கசப்பு. வாயில் வைத்தால் நுரை தள்ளும்.

யானைக்கு எவ்வளவு கொடுப்பது?

ஸ்ரீரங்கத்தின் ஆண்டாளும் லட்சுமியும், திருவானைக்காவலின் அகிலாவும், மலைக்கோட்டையின் லட்சுமியும் திருச்சிக்காரர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. திருச்சி - சென்னை நெடுஞ்சாலைப் பக்கம் எம்.ஆர்.பாளையத்தில் வனத்துறையின் யானைகள் மறுவாழ்வு மையமும் 2019 முதல் இயங்குகிறது. வெவ்வேறு இடங்களில் வளர்ந்த, வயதான யானைகள் அங்கே பராமரிக்கப்படுகின்றன. யானையின் வலி என்பது இந்த ஊருக்கு நெருக்கமான விஷயம்.

டன் கணக்கில் எடையுள்ள யானைக்கு மருந்தும் கூடை கூடையாகத் தேவைப்படும் என்று தோன்றும். உண்மை அப்படியில்லை. உடல் பெரிதாகப் பெரிதாக, ஒரு கிலோ எடைக்குத் தேவையான மருந்து குறையும். பெரிய உடலின் வளர்சிதை மாற்றம் மெதுவானது, மருந்து கரைந்து வெளியேறவும் நேரமாகும்.

இந்தக் கணக்கு தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1962-ல் ஒரு கொடூர உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டி விலங்குக் காட்சி சாலையில் 'டஸ்கோ' என்ற ஆசிய ஆண் யானைக்கு ஆராய்ச்சி என்ற பெயரில் எல்.எஸ்.டி. போதைப்பொருளை ஊசியாகப் போட்டார்கள். சின்ன விலங்குகளில் பார்த்த அளவை யானையின் எடைக்கு அப்படியே பெருக்கி 297 மில்லிகிராம். சில நிமிடங்களில் யானை சரிந்தது, 2 மணி நேரத்துக்குள் இறந்தது. எல்.எஸ்.டி. ஓபியாய்டு அல்ல. ஆனால் 'எடைக்கு நேர்விகிதத்தில் மருந்து' என்ற கணக்கு எவ்வளவு ஆபத்து என்பதை மருந்தியல் வகுப்புகளில் இன்றும் இந்தச் சம்பவத்தை வைத்துத்தான் சொல்லித் தருகிறார்கள்.

யானைகளுக்குப் பயன்படும் ஓபியாய்டுகளில் பிரபலமானது எட்டார்ஃபின். 1960-ல் ஸ்காட்லாந்தில் உருவானது. மார்ஃபினைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வீரியம். வளர்ந்த ஆப்பிரிக்க யானையைச் சாய்க்க ஏறக்குறைய 15 மில்லிகிராம் போதும், ஒரு சிட்டிகைக்கும் குறைவு! அசாமில் காண்டாமிருகங்களைப் பிடித்து இடம் மாற்றவும் இது பயன்பட்டிருக்கிறது. கையாளும் மருத்துவரின் தோலில் உள்ள கீறலில் ஒரு சொட்டு பட்டாலும் உயிருக்கு ஆபத்து. அதனால் மாற்று மருந்தைப் பக்கத்திலேயே தயாராக வைத்துக்கொண்டுதான் குப்பியையே திறப்பார்கள்.

தமிழ்நாட்டில் காட்டு யானையைப் பிடிக்கும்போது செய்திகளில் வரும் 'மயக்க ஊசி' பெரும்பாலும் ஓபியாய்டு கிடையாது. சைலசின், கெட்டமைன் என்ற இரண்டு மருந்துகளின் கூட்டு அது. 'யானை டாக்டர்' என்று அறியப்பட்ட, 2002-ல் மறைந்த வி.கிருஷ்ணமூர்த்தி போன்ற தமிழக வனக் கால்நடை மருத்துவர்கள் இந்த முறையை இங்கே வேரூன்றச் செய்தார்கள். எட்டார்ஃபினை ஒப்பிட்டால் மனிதருக்கு ஆபத்து பல மடங்கு குறைவு.

பிடிப்பதற்கான மயக்கம் வேறு, தினசரி வலி வேறு. வளர்ப்பு யானைகளை அதிகம் படுத்துவது பாதப் புண்ணும் மூட்டு வலியும். கல், சிமென்ட் தரையில் மணிக்கணக்கில் நிற்பது முக்கியக் காரணம். இந்த வலிக்கு வருடக்கணக்கில் ஓபியாய்டு கொடுக்க முடியாது. மண் தரை, நடைப்பயிற்சி, எடைக் கட்டுப்பாடு, பாதப் பராமரிப்பு, தேவைப்படும்போது வீக்கம் குறைக்கும் மருந்து. இவைதான் சிகிச்சை. ஸ்ரீரங்கத்திலும் திருவானைக்காவலிலும் யானைகளுக்குக் கட்டப்பட்ட குளியல் தொட்டிகளின் வீடியோ வைரலாகும்போது 'க்யூட்' என்று கடந்துவிடுகிறோம். தண்ணீரில் இறங்கும்போது உடல் எடை மூட்டுகளை அழுத்துவது குறைகிறது. அந்தக் குளியல் ஒருவகையில் வலி வைத்தியமும்தான்.

சரி, அப்போ ஏன் கிடைப்பதில்லை?

உலகிலேயே அபின் பாலைச் சட்டப்படி எடுத்து ஏற்றுமதி செய்யும் நாடு இந்தியா. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமம் பெற்ற விவசாயிகள் பயிரிடுகிறார்கள். காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. விளைவது இங்கே. ஆனால் மருந்தாக நோயாளியிடம் வந்து சேர்வதுதான் கஷ்டம்.

காரணம், 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் (என்.டி.பி.எஸ்.). மருத்துவத் தேவைக்கு அது விலக்கு அளிக்கிறது. ஆனால் ஆரம்பத்தில் பிடிபட்ட அளவு எவ்வளவு என்று பார்க்காமலேயே குறைந்தது 10 ஆண்டு சிறை என்று இருந்தது. அளவுக்கு ஏற்ற தண்டனை 2001 திருத்தத்தில்தான் வந்தது. ஒரே குப்பிக்குப் பல உரிமங்கள் தேவைப்பட்டன. கணக்கில் சின்னத் தவறு வந்தாலும் ஜெயில் என்ற பயத்தில் மருத்துவமனைகளும் மருந்துக் கடைகளும் மார்ஃபினை வைப்பதையே விட்டுவிட்டன. 1997-க்குள் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 90 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. அதில் பாதிக்கப்பட்டவர்கள் புற்றுநோய் வலியில் துடித்த மனிதர்கள்.

கேரளத்தின் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் போன்றவர்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், கோடீன், ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகிய 6 மருந்துகள் 'அத்தியாவசிய போதை மருந்துகள்' ஆயின. பல உரிமங்களுக்குப் பதிலாக மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒரே அனுமதி போதும் என்று ஆனது.

இந்த மாற்றம் முழுக்க மனித நோயாளிகளை, குறிப்பாக வலி தணிப்பு சிகிச்சையை, மனதில் வைத்து வந்தது. கால்நடைகள் அந்தப் பேச்சில் மையமாக இல்லை. ஒரே மருத்துவர், ஒரே உதவியாளர் என்று நடக்கும் ஒரு சின்ன பெட் கிளினிக்கை யோசித்துப் பாருங்கள். மாதம் ஓரிரண்டு குப்பி மார்ஃபினுக்காக அனுமதி வாங்க வேண்டும், பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும், சொட்டுக்குச் சொட்டுக் கணக்கு எழுத வேண்டும், ஆய்வுக்குப் பதில் சொல்ல வேண்டும். 'நமக்கு எதுக்கு வம்பு' என்று ஒதுங்குவது புரிந்துகொள்ளக் கூடியதுதான்.

கெடுபிடி மார்ஃபினோடு நிற்கவில்லை. பியூப்ரினார்ஃபினும் பென்டசோசினும் இதே சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. டிரமடால் 2018 ஏப்ரலில் உள்ளே வந்தது. ஓபியாய்டு அல்லாத கெட்டமைனும் கட்டுப்பாட்டுப் பட்டியலில்தான் இருக்கிறது. மிச்சமிருப்பதில் கால்நடை மருத்துவர்களின் கைக்கு ஓரளவு எட்டும் ஓபியாய்டு பூடார்ஃபனால். மிதமான வலிக்கு நல்லது. ஆனால் வேலை செய்யும் நேரம் குறைவு. எலும்பு முறிவு ஆபரேஷன் மாதிரியான கடும் வலிக்கு அது மட்டும் போதாது.

ஒரு தலைமுறை இந்த மருந்துகளைத் தொடாமலே போனால் இன்னொரு பிரச்சினையும் வரும். படிக்கும்போது கையாண்டு பார்க்காத மருந்தை வேலைக்கு வந்த பிறகு யாரும் கேட்பதில்லை. கேட்காத மருந்தைக் கடைக்காரர் வாங்கி வைப்பதில்லை. மனித மருத்துவத்தில் 1985-க்குப் பிறகு நடந்தது இதுதான்.

கெடுபிடியே தேவையில்லையா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் 2021-ல் மட்டும் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அளவுக்கு மீறிய போதைமருந்தால் இறந்தார்கள். பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம் ஓபியாய்டு. போதைக்காகச் செல்லப் பிராணியைக் கூட்டிக்கொண்டு ஒரு கிளினிக்கிலிருந்து இன்னொரு கிளினிக்குக்கு ஏறி இறங்கி மருந்து வாங்குபவர்களும் அங்கே உண்டு.

தமிழ்நாட்டிலும் 'வலி நிவாரணி மாத்திரைகளைப் போதைக்கு விற்ற இளைஞர்கள் கைது' என்ற செய்தியை நீங்கள் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். டேபென்டடால் போன்ற மாத்திரைகளைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் பழக்கம் உயிர்களைப் பறிக்கிறது. கால்நடை மருத்துவமனை வழியாக இன்னொரு வாசல் திறந்துவிடக் கூடாது என்ற அரசின் கவலை நியாயமானதே.

ஆக, பிரச்சினை 'கட்டுப்பாடு வேண்டுமா, வேண்டாமா' என்பது இல்லை. கடத்தல்காரரைத் தடுக்கப் போட்ட அதே வேலி, அடிபட்ட நாய்க்கு ஊசி போட நினைக்கும் மருத்துவரையும் சேர்த்துத் தடுக்கிறது என்பதுதான்.

ஓபியாய்டு இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

ஒரே பெரிய மருந்துக்குப் பதிலாக, பல சின்ன மருந்துகளை வெவ்வேறு இடத்தில் வேலை செய்ய வைப்பது. இதுதான் இன்றைய முறை.

* மரத்துப்போகும் ஊசி: லிக்னோகெயின், புபிவகெயின். பல் பிடுங்கும்போது நமக்குப் போடுவதே. நரம்பைச் சுற்றிப் போட்டால் வலிச் செய்தி கிளம்பவே கிளம்பாது. விலை குறைவு, போதைச் சட்டச் சிக்கல் கிடையாது.
* வீக்கம் குறைக்கும் மருந்து: மெலாக்சிகம் போன்றவை. ஆபரேஷனுக்குப் பிந்தைய நாட்களுக்கு.
* குறைந்த அளவு கெட்டமைன்: தண்டுவட நரம்புகள் அதிக உணர்ச்சி நிலைக்குப் போகாமல் தடுக்க.
* சைலசின் வகை மருந்துகள்: தூக்கத்தோடு கொஞ்சம் வலி நிவாரணமும் தரும்.
* மருந்தில்லா வழிகள்: ஐஸ் ஒத்தடம், மெத்தென்ற படுக்கை, அமைதியான இடம்.

பசுவின் வயிற்றிலிருந்து பிளாஸ்டிக் எடுக்கும் ஆபரேஷன் இதற்கு நல்ல உதாரணம். முதுகெலும்பின் பக்கவாட்டில் நரம்புகள் வெளிவரும் இடத்தில் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். இடது விலா முழுக்க மரத்துவிடும். மாடு நின்றபடியே இருக்கும், மருத்துவர் வயிற்றைத் திறந்து கிலோ கணக்கில் கேரி பேக்கை வெளியே எடுப்பார். சில மாடுகள் நடுவே அசை போடுவதும் உண்டு! ஒரு சொட்டு ஓபியாய்டு இல்லாமல் இவ்வளவும் நடக்கிறது.

தெருநாய்க் கருத்தடையிலும் இதே அணுகுமுறைதான் முக்கியம். கோணக்கரை போன்ற இடங்களில் திருச்சி மாநகராட்சி கருத்தடை மையங்களை நடத்துகிறது. பெண் நாய்க்கு இது வயிற்றைத் திறந்து செய்யும் பெரிய ஆபரேஷன். 2023-ல் வந்த மத்திய அரசின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி சிகிச்சை முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். சில நாட்களில் மறுபடி தெருவுக்குப் போய்விடும் நாய்க்கு 'நாளைக்கு வந்து ஊசி போட்டுக்கோ' என்று சொல்ல முடியாது. அதனால் ஆபரேஷன் மேசையிலேயே வலியை முன்கூட்டி அடக்குவது மிக அவசியம்.

நீண்டகால மூட்டு வலிக்குப் புதிய வழிகளும் வந்திருக்கின்றன. வலியைத் தூண்டும் ஒரு புரதத்தைக் குறிவைத்துத் தடுக்கும், மாதம் ஒருமுறை போடும் ஊசிகளுக்கு வெளிநாடுகளில் அனுமதி கிடைத்திருக்கிறது. பூனைக்கானது 2022-லும் நாய்க்கானது 2023-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

மாட்டுக்குப் போட்ட ஊசி, காணாமல் போன கழுகு

'ஓபியாய்டுதான் சிக்கல், மற்ற வலி மாத்திரைகள் பாதுகாப்பு' என்று நினைத்தால் அதுவும் தப்பு. டைக்ளோஃபெனாக் என்ற பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதுகு வலிக்கு நாம் போடும் அதே மருந்து. மலிவு என்பதால் 1990-களில் மாடுகளுக்குத் தாராளமாகப் போடப்பட்டது. அந்த மாடு இறந்து, அதை உண்ட பாறுக் கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்தது. 1992 முதல் 2007 வரையான காலத்தில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறு 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்தது. காரணம் டைக்ளோஃபெனாக்தான் என்று 2004-ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். 2006-ல் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை வந்தது.

மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடுவது தொடர்ந்ததால், 2015-ல் குப்பியின் அளவையே 3 மில்லி ஊசியாகக் குறைத்தார்கள். 2023-ல் கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபெனாக் மருந்துகளும் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. தமிழ்நாட்டில் பாறுக் கழுகுகள் இப்போது பிழைத்திருப்பது முக்கியமாக நீலகிரியை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கில்தான். மெலாக்சிகம், டோல்ஃபெனாமிக் அமிலம் இரண்டும் கழுகுகளுக்குப் பாதுகாப்பானவை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. உங்கள் வீட்டு மாட்டுக்கு வலி ஊசி போடும்போது மருந்தின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

வலிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

* பூனை: காது பக்கவாட்டில் திரும்பும், கண் சுருங்கும், மூக்கும் வாயும் இறுகும், மீசை விறைக்கும், தலை தோளுக்குக் கீழே தொங்கும். கனடாவின் மாண்ட்ரியல் பல்கலைக்கழகம் 2019-ல் வெளியிட்ட பூனை முகபாவ அளவுகோல் இந்த 5 அடையாளங்களை வைத்துத்தான் மதிப்பெண் போடுகிறது.
* நாய்: ஒரே இடத்தை நக்கும், மாடி ஏறத் தயங்கும், தொட்டால் உறுமும். முன்கால்களை நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி 'கும்பிடுவது' போல நின்றுகொண்டே இருந்தால் வயிற்று வலியாக இருக்கலாம்.
* மாடு: அசை போடுவதை நிறுத்தும், பல்லை நறநறவென்று கடிக்கும், முதுகை வளைத்து நிற்கும்.

வீட்டில் செய்யக் கூடாதவை

இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

1. பூனைக்கு பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. அதை உடைத்து வெளியேற்றும் வசதி பூனையின் கல்லீரலுக்கு இல்லை. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும். ஒரே மாத்திரை உயிரைப் பறிக்கலாம்.
2. நாய்க்கு நம் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். வயிற்றுப் புண், ரத்தக் கசிவு, சிறுநீரகப் பாதிப்பு வரும்.
3. போன தடவை எழுதிக் கொடுத்த மாத்திரை மிச்சம் இருக்கிறது என்று நீங்களாகவே கொடுக்காதீர்கள். இரண்டு வலி மருந்துகள் சேர்ந்தால் விஷமாகலாம்.
4. மாத்திரையைக் கொடுத்துவிட்ட பிறகு டாக்டரிடம் மறைக்காதீர்கள். என்ன, எத்தனை மணிக்கு என்று சொல்வதுதான் சிகிச்சையைக் காப்பாற்றும்.

கால்நடைகளுக்கு அவசரம் என்றால் 1962 என்ற இலவச எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

ஆபரேஷனுக்கு முன் உங்கள் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம்: "முன்கூட்டியே வலி மருந்து கொடுப்பீங்களா? மரத்துப்போகும் ஊசியும் சேர்த்துப் போடுவீங்களா? வீட்டுக்கு வந்த பிறகு எத்தனை நாளைக்கு, என்ன மருந்து?" கேட்பது தப்பில்லை. பல மருத்துவர்கள் சந்தோஷமாகவே பதில் சொல்வார்கள்.

அடுத்து என்ன?

தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவக் கல்விக்குக் குறைவில்லை. 1903-ல் தொடங்கிய சென்னைக் கல்லூரி, 1985-ல் நாமக்கல், 2012-ல் ஒரத்தநாடு என்று வரிசையாக இருக்கின்றன. திருச்சிக்கு இரண்டு பக்கமும் ஒரு கல்லூரி. பெரிய கால்நடை மருத்துவமனைகளுக்கு மட்டுமாவது எளிய அனுமதி, பூட்டிய இருப்பு, குப்பிக்குக் குப்பி டிஜிட்டல் கணக்கு என்று ஒரு ஏற்பாடு வந்தால், கடும் வலியில் வரும் விலங்கை அங்கே அனுப்ப முடியும். எல்லாத் தெருக்கோடி கிளினிக்கிலும் மார்ஃபின் இருக்க வேண்டிய அவசியமில்லை.

இந்தச் சட்டத்தால் மனிதர்களுக்கு மார்ஃபின் மறுக்கப்பட்டதைச் சரிசெய்யவே 1985 முதல் 2014 வரை 29 ஆண்டுகள் ஆயின. அங்கே வலித்தவர்களுக்குக் கேட்க வாய் இருந்தது, உறவினர்கள் இருந்தார்கள், அவர்களுக்காக வாதாட மருத்துவர்கள் இருந்தார்கள். உத்திர வீதியில் அடிபட்ட நாய்க்கு, அதைத் தூக்கிக்கொண்டு கிளினிக் வாசலில் நிற்பவர்தான் எல்லாம்.